அத்தா போட்டுக் கொடுத்த மணல் குழி

இன்னொரு கூட்டத்துக்கு என்னைக் கூப்பிடாதீர்கள். முட்டி வலிக்கிறது. அதைவிட, கேட்டதையே கேட்டுக் காது வலிக்கிறது. ஊருக்கு ஒரு விளையாட்டு மைதானம் வேண்டும் என்று நாம் மனு கொடுக்க ஆரம்பித்து எத்தனை வருஷம் ஆயிற்று, யாருக்காவது நினைவிருக்கிறதா? கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகிவிட்டது. கலெக்டர் ஆபீஸ் வந்தது, புறவழிச்சாலை வந்தது, நகைக்கடைகள் வரிசையாக வந்தன. பிள்ளைகள் ஓடுவதற்கு மட்டும் இடம் வரவில்லை. காலையில் நடக்கப் போனால் பார்க்கிறேன், பள்ளிக்கூடப் பெண்கள் புறவழிச்சாலை ஓரத்தில் லாரிக்கு லாரி ஒதுங்கி ஒதுங்கி ஓடிப் பழகுகிறார்கள்.

போன கூட்டத்தில் இளைஞர் ஒருவர் எழுந்து கேட்டாரே, "இந்த ஊருல எப்பவுமே கிரவுண்டு இல்லீங்களா?" என்று. நம் வயசுக்காரர்கள் ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோமே தவிர வாயைத் திறக்கவில்லை. டீ வந்தது, குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டோம். இருந்தது என்று சொன்னால் எப்படிப் போனது என்றும் சொல்ல வேண்டும். அதற்கு அன்றைக்கு எனக்குத் தெம்பு இல்லை. இன்றைக்கும் பெரிதாக இல்லை. ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லப் போகிறேன்?

மார்க்கெட்டுக்குப் பின்னால், ஏரிக்கரையை ஒட்டி இருந்த இடம்தான் அது. மைதானம் என்று யாரும் சொன்னதில்லை. 'காலி எடம்' என்பார்கள். அங்கே எதுவும் விற்கவில்லை, எதுவும் விளையவில்லை, அதனால் காலி. வெயில் ஏறினால் மரவள்ளிக் கிழங்குச் சீவலைக் காயப்போடுவார்கள். அந்தப் புளித்த மாவு வாசனை எங்கள் தெரு வரைக்கும் வரும். சாயங்காலமானால் பையன்கள் கபடி ஆடுவார்கள். எங்கள் தெருப் பையன்கள், கருணாபுரத்துப் பையன்கள், வடக்கனந்தல் பக்கத்திலிருந்து சைக்கிளில் டபுள்ஸ் வருகிறவர்கள் என்று எல்லாரும் ஒரே புழுதியில் புரண்டு எழுந்து போவார்கள். எவன் எந்தத் தெரு என்று வீட்டில் போய்க் குளித்தால்தான் தெரியும்.

விடியற்காலை மட்டும் அந்த இடம் எங்களுடையது. எங்கள் பெண்கள் பள்ளிக்கூடத்தில் மைதானம் என்று பேருக்கு ஒரு வேப்பமரத்தடி இருந்தது. வேகமாக ஓடினால் சுவரில்தான் போய் முட்ட வேண்டும். அதனால் பி.டி. டீச்சர் எங்களைக் காலி இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார். டீச்சருக்குக் கோபம் வந்தால் விசில் ஊத மாட்டார், விசிலைக் கடிப்பார். அந்தக் கறுப்பு விசில் முழுக்கப் பல்தடம் இருக்கும்.

என் அக்கா பத்தாவது, நான் ஆறாவது. அக்காவுக்கு நீளம் தாண்டுவதில் பைத்தியம். வாசற்படியை ஒழுங்காக இறங்க மாட்டாள், தாண்டுவாள். தெருவில் தண்ணீர் தேங்கியிருந்தால் சுற்றிப் போகிற வழியை விட்டுவிட்டுத் தேங்கிய இடத்தைத் தேடிப் போவாள். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தாவின் பழைய பைஜாமாவை வெட்டி, அளவெடுத்துத் தைத்துப் பாவாடைக்குள் போட்டுக்கொள்வாள். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். "பொட்டப் புள்ளயா பொறந்துட்டு இன்னாடி இது குதியாட்டம்?" என்பாள். ஆனால் அந்தப் பைஜாமாவின் இடுப்புக்கு நாடா கோத்துக் கொடுத்தது அம்மாதான்.

தாண்டிக் குதிக்கிற குழியை அக்காவும் அவள் தோழியும் வெட்டினார்கள். தோழி கல்வராயன் மலைக்காரி. ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் சாமைச் சோறும் மலைத் தேனும் கொண்டுவந்து தருவாள். மண்வெட்டியை அவள் பிடிக்கிற அழகே தனி. இரண்டு பேரும் இடுப்பளவு ஆழம் தோண்டி, கோமுகி ஆற்று மணலைக் கூடை கூடையாகச் சுமந்து வந்து நிரப்பினார்கள். நானும் ஒரு சின்ன அன்னக்கூடை சுமந்தேன், பாதி மணல் என் தலைமுடியில்தான் இருந்தது. டீச்சர் தினமும் குதிக்கிறதுக்கு முன்னால் அந்த மணலை அடி வரைக்கும் கிளறச் சொல்வார். "மணலு புட்டு மாதிரி பொலபொலன்னு இருக்கணும்டி. இல்லன்னா எலும்பு பேசும்" என்பார். கிளறுகிற மண்வெட்டியை டீச்சர் தன் சைக்கிளில் கட்டிக் கொண்டுபோய்விடுவார். வெளியே வைத்தால் காணாமல் போய்விடும்.

அத்தாவை உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். சிமெண்ட், கம்பி, ஆணிக் கடை. ஊரில் யார் வீடு கட்டினாலும் 'பாய்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாம்' என்பார்கள். தரை போடுவதில் அத்தாவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவர் ஒருநாளும் காலி இடத்துக்கு வந்து அக்கா தாண்டுவதைப் பார்த்ததில்லை. "பொம்பளப் புள்ளைங்க குதிக்கிற எடத்துல ஆம்பளைக்கு இன்னா வேல?" என்பார். காலையில் கடை திறக்கப் போகும்போது அந்த வழியை விட்டுவிட்டு மசூதித் தெருவைச் சுற்றிக்கொண்டு போவார். அடுத்தவர் வீட்டுப் பெண்களுக்கு அவர் கொடுத்த மரியாதை அது. அதனால் தன் வீட்டுப் பெண் எப்படித் தாண்டுவாள் என்று கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாமலே போயிற்று.

பத்தாவது முடிந்ததும் அக்காவை வீட்டில் நிறுத்திவிடுவது என்று முடிவாகியிருந்தது. விருத்தாசலத்தில் ஒரு குடும்பம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில்தான் டீச்சர் கடைக்கே வந்துவிட்டார். நான் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

"உங்க பொண்ணுக்கு நல்ல கால் பாய். விழுப்புரத்துல தேர்வு வெக்கிறாங்க. அவங்க சொல்ற அளவு தாண்டிட்டா மெட்ராஸ் ஹாஸ்டல்ல சேத்துக்குவாங்க. பன்னெண்டாவது வரைக்கும் படிப்பு, சாப்பாடு எல்லாம் அவங்களே பாத்துக்குவாங்க. நீங்க வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க."

அத்தா கொஞ்ச நேரம் ஆணி டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தார். "சரிங்க டீச்சர். அந்த அளவு தாண்டிட்டா அனுப்பி வெக்கிறேன். தாண்டலன்னா பத்தாவதோட வூட்ல இருக்கட்டும். அப்பறம் நீங்களும் வந்து கேக்கக் கூடாது, அவளும் அழக் கூடாது."

அத்தா வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். டீச்சர் அன்றைக்கே ஒரு கயிறு வாங்கி, அந்த அளவு வரும் இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு அக்காவிடம் கொடுத்தார். ஒரு முனையைக் குதிக்கிற பலகையில் வைத்துப் பிடிக்க வேண்டும், முடிச்சு குழிக்குள் எங்கே விழுகிறதோ அதைத் தாண்ட வேண்டும். கயிறு பிடிப்பது என் வேலை. அக்கா தாண்டித் தாண்டிப் பார்த்தாள். முடிச்சுக்குக் கொஞ்சம் குறைவாகவே விழுந்துகொண்டிருந்தது. ஆனால் அந்தக் குறைச்சல் வாரத்துக்கு வாரம் சுருங்கிக்கொண்டு வந்தது. படிப்பு, மெட்ராஸ், கல்யாணத்துக்கு இப்போது என்ன அவசரம் என்று சொல்லும் தைரியம், எல்லாமே அவளுக்கு அந்த முடிச்சுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

அப்போதுதான் மறியல் வந்தது. இட ஒதுக்கீடு கேட்டுப் போராட்டம். பெரியவர்கள் மாசக்கணக்கில் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள், எங்களுக்குப் பாதி புரியாது. ஒருநாள் எழுந்து பார்த்தால் பஸ் சத்தமே இல்லை. சேலம் ரோட்டில் இரண்டு பக்கத்துப் புளியமரங்களையும் வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். பால் இல்லை, பேப்பர் இல்லை. தைரியமான பிள்ளைகள் போய் விழுந்த மரத்திலிருந்து புளியம்பிஞ்சு பறித்துவந்தார்கள். உப்புத் தொட்டுத் தின்று பல் கூசியது. மரம் வெட்டியவர்கள் வேற்று ஊர்க்காரர்கள் இல்லை. சுற்றுவட்டாரத்துக் கூலிக்காரர்கள், அத்தா கடையில் ஆணி வாங்குகிறவர்கள். "அவுங்க புள்ளைங்களுக்குப் படிப்பும் வேலையும் கேக்கறாங்க, அதுல இன்னா தப்பு?" என்றாள் அம்மா. "தப்புன்னு நான் சொன்னனா? மெதுவாப் பேசு" என்றார் அத்தா. வேறு ஊர்களில் உயிர் போன செய்தி வாய்வழியாக வந்துகொண்டிருந்தது. போலீஸ் வண்டி போகும்போதெல்லாம் அம்மா ஜன்னலைச் சாத்தினாள்.

டீச்சர் சொந்த ஊரில் மாட்டிக்கொண்டார். மலைத்தோழியை அவள் அப்பா நடந்தே வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். தேர்வு தள்ளிப்போயிருக்கிறது, மறியல் ஓய்ந்ததும் உடனே நடக்கும் என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லியனுப்பினார்.

ஊருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லாரிகள் மாட்டிக்கொண்டு நின்றன. எங்கெங்கிருந்தோ வந்தவை, பாஷை தெரியாத டிரைவர்கள். ஒரு லாரியின் கண்ணாடியை யாரோ உடைத்துவிட்டார்கள். அன்றைக்கு மத்தியானம் கடைக்காரர்கள் எல்லாரும் எங்கள் கடை வாசலில் கூடினார்கள்.

"பாய், ரோட்டுல வுட்டு வெச்சா கொளுத்திட்டுப் போயிடுவானுங்க. அப்பறம் ஊருக்குத்தான் கெட்ட பேரு" என்றார் அரிசி மண்டிக்காரர்.

"மார்க்கெட்டு பின்னால அவ்ளோ எடம் சும்மா கெடக்குதே," என்றார் அத்தா. "அங்க கொண்ணாந்து வுடச் சொல்லுங்க. ஒரு வாரந்தான. சோத்துக்கு நம்ம ஆளுக்கு ஒரு வேள பாத்துக்கலாம்."

எல்லாருக்கும் மூச்சு வந்தது. அத்தா அன்றைக்குச் செய்தது நல்ல காரியம்தான், அதை நான் எங்கேயும் சொல்வேன். அம்மா கல்யாண அண்டாவை இறக்கிச் சோறு பொங்கினாள். அழுக்கு வேட்டியும் லுங்கியுமாக அந்த டிரைவர்கள் எங்கள் வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒருவர் சாப்பிட்டுவிட்டு அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். ஆனால் அந்த இடத்தில் காலையில் யார் இருப்பார்கள், சாயங்காலம் யார் இருப்பார்கள் என்று அந்தக் கூட்டத்தில் ஒருத்தரும் யோசிக்கவில்லை. பிள்ளைகள் விளையாடுவது பெரியவர்கள் கண்ணுக்கு ஒரு வேலையாகத் தெரிவதில்லை.

அன்றைக்கு ராத்திரி அத்தா வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள். "அத்தா, அங்க எங்க குழி இருக்குதுங்களே."

"குழி எங்கம்மா போயிடப் போவுது? லாரி இன்னா குழியத் தின்னுடுமா?"

மறுநாள் நல்ல மழை. ஜவ்வரிசி மூட்டை ஏற்றிய லாரி ஒன்றை நகர்த்தி நிறுத்தப் பார்த்தபோது, பின் சக்கரம் நேராக எங்கள் குழிக்குள் இறங்கிவிட்டது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூட்டைகள் சரிந்து, ஒரே கூச்சல். நானும் அக்காவும் ஏரிக்கரையில் நின்று பார்த்தோம்.

"எவன்டா இங்க குழி வெட்டி வெச்சது?" என்று கத்தினார் ஒருவர்.

"பாய் பொண்ணும் அந்த மலைப் பொண்ணுந்தான். அதுல குதிப்பாங்களாம்" என்றார் இன்னொருவர். எல்லாரும் சிரித்தார்கள். அத்தாவும் சிரித்தார். ஆனால் கூட்டத்தில் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கடையிலிருந்து உடைந்த செங்கல்லை வண்டி வண்டியாகக் கொண்டுவந்து சக்கரத்துக்கு அடியில் கொட்டினார்கள். கயிறு கட்டி இழுத்து, சாயங்காலத்துக்குள் லாரியை வெளியே எடுத்துவிட்டார்கள். குழி செங்கல்லும் சேறுமாகக் கிடந்தது. எல்லாரும் போன பிறகு அக்கா இறங்கிப் போய்ச் சேற்றில் புதைந்திருந்த பலகையைப் பிடுங்கி எடுத்தாள். வீட்டுக்குக் கொண்டுவந்து கிணற்றடியில் வைத்துத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். அழவில்லை. சாப்பிடவும் இல்லை.

அம்மா அத்தாவைப் பிடித்துக்கொண்டாள். "அவ இன்னா நகையா கேட்டா, நட்டா கேட்டா? அவ கேட்டது ஒரு குழி. ஊர்ல இருக்கறவனுக்கெல்லாம் எடம் குடுத்தீங்க, சொந்தப் பொண்ணோட எடத்த வுட்டுட்டீங்க."

அத்தா வெற்றிலையை மடித்தார், வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

மறியல் ஓயத் தொடங்கியது. மரங்களை இழுத்து ஓரம் போட்டார்கள், லாரிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. அன்றைக்கு அத்தா கடையை எங்கள் சித்தப்பாவிடம் விட்டுவிட்டுக் கொத்தனாரையும் ஆட்களையும் கூட்டிக்கொண்டு எங்கேயோ போய்விட்டார். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட வரவில்லை. சாயங்காலம் வந்தபோது வேட்டியெல்லாம் செம்மண். கை கழுவிவிட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, யாரிடமோ சொல்வது மாதிரிச் சொன்னார்.

"அந்தக் குழிய ரெடி பண்ணிட்டேன். ஆத்து மணலு, சலிச்சுப் போட்டிருக்குது. காலைல போய்ப் பாரு."

அக்கா அவரையே பார்த்தாள். அதுவரை அத்தா அந்தக் குழியைப் பற்றி வாய் திறந்து ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. "நீங்களேவா அத்தா?" என்றாள்.

"பின்ன? ஊருக்கெல்லாம் தர போட்டுக் குடுக்கறேன், எம் பொண்ணுக்குப் போட்டுத் தர மாட்டனா?"

அக்கா சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு வந்த சிரிப்பு. அத்தாவின் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அத்தா, "போதும், போதும், ஜாஸ்தி ஊத்தாத" என்று சொல்லிக்கொண்டே தட்டை நகர்த்தாமல் வைத்திருந்தார்.

அந்தக் குழியை அத்தா எப்படிப் போட்டார் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துக் கொத்தனார் சொல்லித்தான் முழுசாகத் தெரிந்தது. உள்ளே கிடந்த செங்கல்லை எடுக்கவில்லை. அதை உடைத்து ஜல்லியாக்கிப் பரப்பி, மேலே செம்மண் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடித்து இடித்து இறுக்கியிருக்கிறார். வீட்டுக்குத் தரை போடுகிற முறை. அதற்கும் மேலே நாலு விரல் கனத்துக்குச் சலித்த மணல். "இனிமே லாரியே ஏறினாலும் எறங்காது" என்று கொத்தனாரிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டாராம். குதிக்கிறவர்களை ஒருநாள் அவர் பார்த்திருந்தால் போதும். பார்க்காததால் அந்தக் குழியில் அவர் கண்ட ஒரே குறை, அது இளகியிருந்தது என்பதுதான். அந்தக் குறையை அவர் ஒரு நாள் முழுக்கப் பாடுபட்டுச் சரி செய்துவிட்டார்.

விடிந்ததும் போனோம். அச்சு முறிந்த லாரி ஒன்று மட்டும் கொஞ்சம் தள்ளி நின்றது. அதன் டிரைவர் கல் கூட்டி டீ போட்டுக்கொண்டிருந்தார். ஓடுகிற தடத்தில் லாரி உழுத பள்ளங்களைக்கூட அத்தா நிரப்பியிருந்தார். குழியின் மேல் மணலை ஈர்க்குமாற்றால் கோடு கோடாகச் சீவி வைத்திருந்தது. கரையில் ஒரு புல் இல்லை. அக்கா குனிந்து உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தாள். மணல் மெத்தென்று இருந்தது.

"கெளற வேணாமாக்கா?" என்றேன்.

"மம்முட்டி டீச்சர்கிட்ட இருக்குது. அதான் அத்தாவே எல்லாம் பண்ணி வெச்சிருக்காருல்ல" என்றாள்.

பலகையைப் பதித்தோம். நான் கயிற்றின் முனையைப் பலகையில் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அக்கா கொஞ்ச தூரம் பின்னால் போய் நின்று, பிஸ்மில்லா சொல்லிவிட்டு ஓடிவந்தாள். அவள் பலகையை மிதித்த அழுத்தம் என் விரலில் தெரிந்தது. தலைக்கு மேலே போனாள் என்றே எனக்குத் தோன்றியது. மணலில் விழுந்தால் வழக்கமாக ஒரு மெத்தென்ற சத்தம் வரும். அன்றைக்குக் கட்டை முறிகிற சத்தம் வந்தது.

நான் முதலில் பார்த்தது அவள் முகத்தை இல்லை, கயிற்றை. முடிச்சு இங்கே கிடந்தது. அவள் குதிகால் தடம் அதற்கு ஒரு சாண் தள்ளிப் பதிந்திருந்தது. "தாண்டிட்டக்கா! தாண்டிட்ட!" என்று குதித்தேன். பிறகுதான் அவள் பக்கம் திரும்பினேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள், வலது பாதம் இருக்க வேண்டிய பக்கத்தில் இல்லை.

அவள் கை மணலைத் தோண்டிக்கொண்டிருந்தது. நாலு விரல் ஆழத்தில் நகம் தரையைச் சுரண்டியது. சுரண்டிய இடத்தில் செங்கல் சிவப்பு. அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். எல்லாம் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அத்தாகிட்ட சொல்லாத," என்றாள். மூச்சு வாங்கியது. "பலகைல கால் வழுக்கிடுச்சு. நான் தாண்டவே இல்ல. புரியுதா?"

"ஆனா தாண்டிட்டியேக்கா..."

"தாண்டினேன்னு சொன்னா எப்பிடி அடிபட்டுச்சுன்னு வந்து தோண்டிப் பாப்பாரு. பாத்தார்னா அவுரு தாங்க மாட்டார்டீ."

சொல்லிவிட்டு, படுத்தபடியே கையை நீட்டித் தன் குதிகால் தடத்தை அழித்தாள். தோண்டிய இடத்தையும் மூடினாள். அதற்குள் டிரைவர் டீக் குவளையைப் போட்டுவிட்டு ஓடிவந்துவிட்டார். அவர் பாஷையில் என்னமோ சொல்லிக்கொண்டே மார்க்கெட் பக்கம் ஓடி, ஒரு கைவண்டியை இழுத்துக்கொண்டு வந்தார்.

எலும்பு கட்டுகிறவர் முட்டை வெள்ளையும் உளுத்தமாவும் குழைத்துப் பூசி மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். அந்தக் கவிச்சி வாசனை எங்கள் வீட்டை விட்டுப் போக வெகுநாள் ஆயிற்று. அத்தா கட்டிலருகே உட்கார்ந்து, "அவசரக்குடுக்க, இவ்ளோ நல்ல குழி இருந்தும் பலகைல போயா வழுக்குவாங்க?" என்று அவள் தலையைத் தடவினார். பஸ் ஓட ஆரம்பித்ததும் டீச்சர் வந்தார். வீட்டுக்கு வருமுன் என்னைக் கூட்டிக்கொண்டு குழிக்குப் போனார். மண்வெட்டியை ஓங்கிப் போட்டார். அது ணங்கென்று எகிறியது. டீச்சர் விசிலைக் கடித்துக்கொண்டு நின்றார். அத்தாவுக்குத் தெரியக் கூடாது என்று அக்கா சொன்னதை நான் சொன்னேன். எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து டீ குடித்தார், "காலு ஆறட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அடுத்த வருஷம் அவருக்கு மாற்றல்.

கால் ஆறியது, ஆனால் கோணலாக. தேர்வு அவள் இல்லாமல் நடந்தது. மலைத்தோழியை, கீழே கலவரம் என்று பயந்துபோன அவள் அப்பா திரும்ப அனுப்பவேயில்லை. பத்தாவது முடிந்தது, அக்கா விருத்தாசலத்துக்குப் போனாள். அவள் வாழ்க்கையைக் குறை சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை தங்கமான மனுஷன். ஆனால் எத்தனை பேர் வீட்டுக் கல்யாணத்தில் அவள் சாய்ந்து சாய்ந்து நடந்து வருவதைப் பார்த்து, "பொறவிலயேவா?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள்!

காலி இடமும் திரும்பி வரவில்லை. ஒரு வாரம் நின்ற லாரிக்காரர்களுக்கு இடம் பிடித்துப்போய்விட்டது. மார்க்கெட் பக்கம், நிழல், தண்ணீர், வேறென்ன வேண்டும்? அடுத்த மாதம் டீக்கடை வந்தது, பிறகு பஞ்சர் கடை, பிறகு எடைமேடை. சீக்கிரமே லாரி ஸ்டாண்டு என்று போர்டு மாட்டி, இடம் காட்டியவர் என்று அத்தாவுக்கு மாலை போட்டார்கள். சாகிற வரைக்கும் அத்தாவுக்கு அதில் பெருமைதான். கபடி ஆடிய பையன்கள் கொஞ்ச நாள் லாரிகளுக்கு நடுவே ஆடிப் பார்த்தார்கள், லாரிக்காரர்கள் விரட்டினார்கள். அப்புறம் அவனவன் தெருமுனையில் அவனவன் நின்றான். சேர்ந்து புரண்டவர்கள் முறைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். சாயங்காலம் போக இடமில்லாத ஆண்பிள்ளைகள் நம் ஊரில் எங்கே போய் உட்கார்ந்தார்கள், என்ன குடித்தார்கள் என்று நான் சொல்லித்தானா உங்களுக்குத் தெரிய வேண்டும்?

அத்தாவுக்குக் கடைசி காலத்தில் கண்ணில் புரை விழுந்தது. ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு ஆட்டோவில் திரும்பிக்கொண்டிருந்தோம். நடுவில் அத்தா, இரண்டு பக்கமும் நாங்கள் இரண்டு பேரும். லாரி ஸ்டாண்டு முன்னால் வழக்கம்போல் லாரி குறுக்கே நின்றது, ஆட்டோ நகரவில்லை. டீசல் வாடையை வைத்தே அத்தா இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

"இங்கதான உங்க குழி இருந்துச்சு?"

"ஆமாங்கத்தா" என்றாள் அக்கா.

"நாள் பூரா நின்னு போட்டேன். உனக்குத்தான் அதுல குதிக்கக் குடுத்து வெக்கல." பிறகு, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டார். "அந்த டீச்சர் முடிச்சு போட்டுக் குடுத்தாங்களே, அதுக்கு நீ எவ்ளோ கிட்ட வந்தம்மா? அதுக்கு முன்ன குதிச்சதுல?"

அக்கா வெளியே லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"ஒரு சாண் கம்மிங்கத்தா."

"ஒரு சாண்தானா?" அத்தா அவள் இருக்கும் பக்கம் முகத்தைத் திருப்பினார். "அடி பைத்தியமே, என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாது? ஒரு சாணுக்கெல்லாம் நான் கணக்குப் பாப்பனா? அனுப்பியே வெச்சிருப்பேனே."

லாரி நகர்ந்தது. அக்கா அத்தாவின் மடிக்குக் குறுக்கே கையை நீட்டி என் கையைப் பிடித்தாள். வீடு வருகிற வரைக்கும் விடவில்லை.